இடமிருந்து வலம்

1

இரண்டு மாதங்களுக்கு முன் என் மகளின் பள்ளியிலிருந்து ஒரு வெள்ளை உறை வந்தது. உள்ளே மூன்று வரிக் கடிதமும் விரல் நீளத்தில் ஓர் ஒட்டுத்தாளும் இருந்தன. வகுப்புப் புகைப்படத்தின் கீழே அச்சிட்ட பெயர் வரிசையில் இரண்டு மாணவிகளின் பெயர்கள் இடம் மாறிவிட்டன, அதற்கு வருந்துகிறோம், இத்துடன் உள்ள ஒட்டுத்தாளைப் பழைய வரியின் மேல் ஒட்டிக்கொள்ளவும் என்று எழுதியிருந்தது. கீழே தலைமையாசிரியை பேனாவால் போட்ட கையெழுத்து. அச்சுக் கையெழுத்து இல்லை; தாளின் பின்பக்கம் தடவிப் பார்த்தேன்.

இடம் மாறியவர்கள் என் மகள் நித்யாவும் ஹேத்தல் என்ற குஜராத்திப் பெண்ணும். வகுப்பில் இந்திய முகங்கள் அவர்கள் இருவர்தான். ஹேத்தல் நித்யாவைவிட நான்கு விரற்கடை உயரம், கண்ணாடி போட்டவள். நித்யாவிடம் காட்டினேன்.

"தெரியும்பா. மிஸ் என்னை அடிக்கடி ஹேத்தல்னுதான் கூப்பிடுவாங்க."

"நீ என்ன சொல்வே?"

"யெஸ்னு சொல்வேன். ஹேத்தலும் சொல்வா. இட்ஸ் ஓகே அப்பா."

அவள் உறையை என்னிடமே விட்டுவிட்டுத் தொலைக்காட்சி பார்க்கப் போய்விட்டாள். நான் வெகுநேரம் அந்த ஒட்டுத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இடமிருந்து வலம்" என்று தொடங்கும் வரி. இதுபோன்ற ஒரு வரியை ஆறு வருடங்களுக்கு முன் நான் திருத்தியிருக்க வேண்டும். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

2

நியூசிலாந்தின் வெலிங்டனுக்கு நாங்கள் வந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. விமானம் ஏறியபோது நம் ஊர் மெட்ராஸ். அடுத்த வருடம் அது சென்னை ஆகிவிட்டது. இதனால் குடியுரிமை விண்ணப்பத்தில் பிறந்த இடம் ஒன்றாகவும் பாஸ்போர்ட் கொடுத்த இடம் வேறொன்றாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே ஊர்தான் என்று சொல்லும் ஒரு தாளை மூன்று முறை அனுப்பியிருக்கிறேன்.

மயிலாப்பூரில் லஸ்ஸுக்குப் பின்னால் இருந்த ஒரு நாளிதழில் பதினோரு வருடம் உதவி ஆசிரியராக இருந்தவன் நான். இங்கே நகராட்சி அலுவலகத்தில் நாய்ப் பதிவுப் பிரிவில் குமாஸ்தா. இந்த நாட்டில் நாய் வளர்ப்பவர் வருடந்தோறும் அதைப் பதிவு செய்ய வேண்டும். பெயர், இனம், நிறம், பால், அடையாளக் குறிகள். பதிவுச் சீட்டில் பிழை இருந்தால் ஐந்து வேலை நாட்களுக்குள் திருத்திய சீட்டு போக வேண்டும் என்று என் மேசைக்கு எதிரே ஒட்டியிருக்கிறார்கள். பழுப்பு நாயைக் கறுப்பு என்று பதிந்ததற்கு நானே இரண்டு மன்னிப்புக் கடிதங்கள் எழுதியிருக்கிறேன்.

முதல் மாதம் கவுண்டருக்கு வந்தவர்களிடம் "டெல் மீ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நம் ஊரில் "சொல்லுங்க" என்போமே, அதைத்தான் சொல்கிறேன் என்று நினைப்பு. மேற்பார்வையாளர் கிரெக் மெதுவாகக் கூப்பிட்டு, அது போலீஸ்காரர் விசாரிப்பது போல இருக்கிறது என்றார். இப்போது "எப்படி உதவட்டும்" என்கிறேன். வீட்டில் வாய் தவறி "டெல் மீ" வந்தால் நித்யா இரண்டு கைகளையும் தூக்கிச் சரணடைவது போல நிற்பாள்.

3

ஆறு வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதம். ஊரெங்கும் ஐந்து மாடி உயரக் கட்-அவுட்கள் நின்ற காலம் அது, வாசகர்களுக்கு நினைவிருக்கும். நேற்றுவரை சாலை போடும் காண்டிராக்டராக இருந்தவர்கள் இன்று பொறியியல் கல்லூரி நிறுவனர்களாகி, சுவரொட்டிகளில் "கல்வி வள்ளல்" என்று சிரித்தார்கள். அப்படி ஒருவரின் கல்லூரி கொட்டிவாக்கத்துக்கு அப்பால் சவுக்குத் தோப்பு ஒன்றை வெட்டிக் கட்டப்பட்டிருந்தது. அதன் அறக்கட்டளை அலுவலகம் தி. நகரில். ஒரு பாடப்பிரிவுக்கு அங்கீகாரமே வாங்காமல் மூன்று வருடமாக மாணவர்களைச் சேர்த்திருந்தது தெரியவந்து, மாணவர்கள் அந்த அலுவலகத்தின் முன் கூடினார்கள். சிலர் கல்லெடுத்தார்கள். இரண்டு ஜன்னல்கள் உடைந்தன.

எங்கள் புகைப்படக்காரர் எடுத்த படம் நல்ல படம். முன்னால் இரண்டு மாணவர்கள். வலது ஓரத்தில் ஒருவன் கல்லை ஓங்கியபடி வலப்பக்கம் பார்த்து நிற்கிறான். ஓங்கிய கை அவன் முகத்தில் பாதியை மறைக்கிறது. அவனுக்குப் பின்னால், இடதுபுறம், கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன் அந்தக் கையைப் பிடித்து இழுக்கிறான். அவன் மார்பு நம்மைப் பார்த்திருக்கிறது. முகம் கல்லைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. நிருபர் பெயர் விசாரித்து எழுதியிருந்தார்: இடமிருந்து வலம், ஜெரோம், இளஞ்செழியன். இருவரும் மூன்றாம் வருட மாணவர்கள், நண்பர்கள். தடுத்தவன் ஜெரோம். கல்லெடுத்தவன் இளஞ்செழியன், ஆளுங்கட்சி வட்டச் செயலாளர் ஒருவரின் மகன்.

நகரச் செய்திகள் வரும் மூன்றாம் பக்கம் என் பொறுப்பு. படத்தை இடது ஓரத்தில் வைத்திருந்தேன். மாலை ஏழு மணிக்கு விளம்பரப் பிரிவிலிருந்து தி. நகர் புடவைக் கடை ஒன்றின் ஆடித் தள்ளுபடி விளம்பரம் வந்தது. கடைக்காரர் இடது பக்கம்தான் வேண்டும் என்றாராம். படத்தை வலது ஓரத்துக்குத் தள்ளினேன். இப்போது படத்திலிருந்த இருவரும் பக்கத்துக்கு வெளியே பார்த்தார்கள்.

பக்கம் கட்டுபவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. படத்தில் இருப்பவர் பக்கத்துக்கு உள்ளேதான் பார்க்க வேண்டும். வெளியே பார்த்தால் வாசகரின் கண்ணும் பக்கத்தை விட்டு வெளியே போய்விடும் என்பார்கள். தலைவர்கள், நடிகைகள், கோயில் யானை, யாராக இருந்தாலும் இதுதான் சட்டம். வெளியே பார்க்கும் படம் வந்தால் நெகடிவைப் புரட்டிப் போட்டு அச்சிடுவோம். இடது வலதாகும், வலது இடதாகும். பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

இருட்டறையிலிருந்த மணியைக் கூப்பிட்டேன்.

"மணி, மூணாம் பக்கப் படத்தைப் புரட்டிப் போட முடியுமா?"

"இன்னா சார், இத்த போயி கேக்குறீங்க. பத்து நிமிசம். போர்டு கீர்டு எதுனா கீதா படத்துல? எழுத்து திரும்பிக்கும்."

"இல்ல. ரெண்டு பசங்கதான்."

"அப்ப இன்னா, ஆளு திரும்பினா யாரு கேக்கப் போறா."

படம் புரண்டு வந்தது. இப்போது கல்லை ஓங்கியவன் இடதுபுறம், தடுத்தவன் வலதுபுறம். படத்தின் கீழ்வரி ஏற்கெனவே அச்சுக்கோத்து வந்து ஒட்டுமேசையில் தயாராக இருந்தது. அளவு சரியாக இருந்ததால் அதை நான் மறுபடி படிக்கவில்லை. இடமிருந்து வலம், ஜெரோம், இளஞ்செழியன்.

4

இரண்டு நாள் கழித்து ஓர் அம்மாள் அலுவலகத்துக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கழுத்தில் சிறு சிலுவை, கையில் மஞ்சள் துணிப்பை. பிலோமினா என்று பெயர் சொன்னார். சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். கணவர் இல்லை. ஜெரோம் அவருடைய ஒரே மகன்.

பையிலிருந்து பத்திரிகையை எடுத்து மேசையில் விரித்தார். பிறகு கட்டம் போட்ட சட்டை ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். இஸ்திரி போட்டிருந்தது.

"சார், இந்தப் படத்தை நீங்க திருப்பிப் போட்டிருக்கீங்க."

நான் பத்திரிகையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"இது நான் தச்ச சட்டை. ஆம்பளை சட்டைக்கு பாக்கெட்டு இடது மார்லதான் வரும். உங்க படத்துல வலது மார்ல இருக்கு. கட்டம் பாக்கெட்லயும் விட்டுப்போகாம ஓடி வரணும்னு நிறுத்தி வச்சுத் தைப்பேன், அதனால பாக்கெட்டு எங்க இருக்குன்னு சட்டுனு தெரியாது. ஓரத் தையலைப் பாருங்க. பட்டன் பட்டியையும் பாருங்க. இடது பட்டி மேல வரணும். உங்க படத்துல வலது மேல வந்திருக்கு. இருபத்தாறு வருஷமா இதைத்தான் சார் சொல்லித் தரேன்."

பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். பாக்கெட் வலது மார்பில் இருந்தது. பூதக்கண்ணாடி இல்லாமலும் தெரிந்தது.

"கல்லைத் தூக்கினவன் என் பையன் இல்ல. அவன் தடுத்தவன். ஆனா உங்க பேப்பர்படி கல்லைத் தூக்கினவன் பேரு ஜெரோம். பிரின்சிபால் அவனை உள்ளயே விடல. விசாரணைன்னாங்க."

"படத்துல முகம் தெரியுதே டீச்சர்? கூடப் படிக்கிறவங்களுக்குத் தெரியாதா?"

"எங்க தெரியுது? ஒருத்தன் கை மறைக்குது, ஒருத்தன் திரும்பி நிக்கிறான், மிச்சத்தை உங்க மை தின்னிருச்சு. தெரிஞ்சவங்களுக்கும் வாய் வராது சார். அந்தப் பையனோட அப்பா யாருன்னு உங்களுக்கே தெரியும்."

"ஜெரோம் சொல்லலாமே?"

அவர் சட்டையை மடித்தார்.

"அவன் சொல்ல மாட்டான். விசாரணையில கேட்டிருக்காங்க. நான் எறியல, அவ்ளோதான்னு சொல்லிட்டு நின்னிருக்கான். யார் எறிஞ்சான்னு சொல்லல. வீட்ல அடிச்சுக்கூடக் கேட்டேன். 'அவன் எம் மச்சிம்மா, காட்டிக் குடுக்க மாட்டேன்'றான். அதனாலதான் சார் உங்ககிட்ட வந்தேன். அவன் சொல்லாததை உங்க பேப்பர் சொல்லட்டும். தப்பா சொன்ன அதே பேப்பர்."

போகும்போது வாசலில் நின்று திரும்பி, "ஒரு வரி போதும் சார். ரெண்டு பேரையும் மாத்திப் போட்டா போதும்" என்றார்.

5

அன்று மதியமே ஒரு திருத்தம் எழுதினேன். படத்தில் கல்லுடன் இருப்பவர் இளஞ்செழியன் என்றும் தடுப்பவர் ஜெரோம் என்றும் தெளிவாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நிர்வாக மேலாளர் ராகவனிடம் போனேன். நல்ல மனிதர். கபாலி கோயிலுக்குப் போய்விட்டு நெற்றியில் விபூதியோடு வருவார். யாரையும் கடிந்து பேச மாட்டார்.

அவர் இரண்டு முறை படித்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

"நீ எழுதியிருக்கறது வாஸ்தவம்தான். ஆனா அந்தப் பையன் பேரைப் போட்டு இவன்தான் கல்லை எறிஞ்சான்னு நாமளே ரெண்டாந்தரம் எழுதறதா? வட்டச் செயலாளர் ஆளுங்களை அழைச்சுண்டு வாசல்ல வந்து நின்னா யார் பதில் சொல்றது?"

"முதல் தரம் ஒரு பேரைப் போட்டோமே சார்."

"அது தெரியாம போட்டது. இது தெரிஞ்சு போடறது. கோர்ட்ல ரெண்டும் வேற." சற்று யோசித்தார். "இன்னொண்ணு. அந்தக் காலேஜ் விளம்பரம் வருஷா வருஷம் முழுப்பக்கம் வருது. இப்போ நம்மகிட்டே நெகடிவ் எங்கேன்னு கேட்டுண்டிருக்கா. அது என் டிராயர்ல இருக்கட்டும்."

நெகடிவ் உறை அவர் டிராயருக்குள் போய்ப் பூட்டப்பட்டது.

திருத்தம் ஏழு வாரம் கழித்து ஐந்தாம் பக்கத்தில், மாநகராட்சி டெண்டர் அறிவிப்புக்குக் கீழே வந்தது. சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது: "தி. நகர் மாணவர் போராட்டம் குறித்து வெளியான புகைப்படம் தொழில்நுட்பக் காரணத்தால் இடவலம் மாறி அச்சாகியுள்ளது. வருந்துகிறோம்." யார் பெயரும் இல்லை. பொய்யும் இல்லை. மேலாளர் தன் கையால் எழுதிய வாக்கியம். பதினோரு வருடத்தில் என் மேசைக்கு வந்த வாக்கியங்களில் இவ்வளவு கச்சிதமானது வேறில்லை.

பிலோமினா டீச்சர் அதை வெட்டி எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனார். முதல்வர் படித்துவிட்டு, "படம்தானேம்மா மாறிச்சு? பேரு மாறிச்சுன்னு போடலையே" என்றாராம்.

ஜெரோமை நீக்கிவிட்டார்கள். மாற்றுச் சான்றிதழில் நடத்தை என்ற இடத்தில் "திருப்திகரமாக இல்லை" என்று எழுதினார்கள். அதைப் பார்த்து வேறு எந்தக் கல்லூரியும் அவனைச் சேர்க்கவில்லை.

6

அதன் பிறகு டீச்சர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். படத்தைப் புரட்டச் சொன்னது நான்தான், அதனால்தான் பெயர்கள் மாறின என்று நான் கையெழுத்திட்டு ஒரு கடிதம் தர வேண்டும். பத்திரிகை தர வேண்டாம். நான் தந்தால் போதும். பல்கலைக்கழகத்துக்கு மேல்முறையீடு செய்ய அது உதவும் என்று யாரோ வழக்கறிஞர் சொல்லியிருந்தார்.

நான் அப்போது நியூசிலாந்துக்கு விண்ணப்பித்திருந்தேன். அனுபவச் சான்றிதழ் பத்திரிகையிலிருந்து வர வேண்டும்; கையெழுத்திட வேண்டியவர் ராகவன். மூன்று மாதமாக அது அவர் மேசையில் இருந்தது. அவர் ஒருநாள், "அந்த டீச்சர் இன்னும் உன்னைப் பார்க்க வராளாமே?" என்று மட்டும் கேட்டார். மிரட்டவில்லை. காப்பி வரவழைத்துக் கொடுத்தார்.

"பார்க்கிறேன் டீச்சர்" என்று முதல் முறை சொன்னேன். இரண்டாம் முறையும் அதையே சொன்னேன். மூன்றாம் முறை வரவேற்பில் அவர் உட்கார்ந்திருப்பதாக போன் வந்தது. காகிதச் சுருள்களை லாரியிலிருந்து இறக்கும் பின்வாசல் ஒன்று இருந்தது. அதன் வழியாக இறங்கி, கச்சேரி சாலை வழியே நடந்து, பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். அவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று மறுநாள் வரவேற்புப் பெண் சொன்னாள். அதை இங்கே எழுதவில்லை.

சான்றிதழ் வந்தது. நான் கிளம்பினேன். எனக்கு வழியனுப்பு விழாவில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். பத்திரிகை அடுத்த வருடம் மூடப்பட்டது. நெகடிவ்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது.

7

பள்ளியின் ஒட்டுத்தாள் வந்த அதே வாரம் அந்தக் கடிதத்தை எழுதினேன். ஆங்கிலத்தில் ஒரு பக்கம், தமிழில் ஒரு பக்கம். நெகடிவைப் புரட்டச் சொன்னது யார், ஏன், கீழ்வரி ஏன் மாறவில்லை, சட்டைப் பாக்கெட் எந்தப் பக்கம் இருந்தது என்று வரிசையாக எழுதினேன். ஊரிலிருந்து கொண்டுவந்த கோப்பில் அந்தப் பக்கத்தின் வெட்டுத்துண்டு இருந்தது. அதன் நகலை இணைத்தேன்.

இந்த ஊரில் கையெழுத்துக்குச் சாட்சி போடும் அதிகாரம் பெற்ற பெரியவர்கள் சனிக்கிழமை காலையில் நூலகத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். என்னுடையதை வாங்கிப் படித்தவர் முன்பு ஆட்டுப் பண்ணை வைத்திருந்தவராம். முழுவதும் படித்துவிட்டுத் தன் சட்டைப் பாக்கெட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னுடையதைப் பார்த்தார். "இது எப்போது நடந்தது?" என்றார். சொன்னேன். அவர் வேறு எதுவும் கேட்காமல் முத்திரை குத்தினார். வரிசையில் அடுத்தவர் வாடகைப் பத்திரத்தோடு நின்றிருந்தார். மொத்தம் நாலு நிமிடம்.

வீட்டு முகவரி தெரியாது. டீச்சர் வேலை பார்த்த பள்ளிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஐந்து வாரத்தில் ஜெரோமிடமிருந்து பதில் வந்தது. நாலு வரி. "கடிதம் கிடைத்தது. நன்றி. விவரம் நேரில் பேசினால் நல்லது. பக்கத்து வீட்டு எண் இது. ஞாயிறு மதியம் கூப்பிட்டால் அம்மாவும் இருப்பார்கள்."

8

ஞாயிற்றுக்கிழமை இங்கே இருட்டிய பிறகு கூப்பிட்டேன். அங்கே பூசை முடிந்து வந்திருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் "ஜெரோமு! ஃபாரின்டா!" என்று கத்துவதும், யாரோ செருப்புப் போடாமல் ஓடிவருவதும் கேட்டது. நான் அவன் குரலைக் கேட்பது அதுதான் முதல் முறை. அவனை நான் நேரில் பார்த்ததே இல்லை.

"சார், வணக்கம் சார். லெட்டர் சூப்பரா எழுதிக்கீறீங்க. அம்மா மூணு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுச்சு."

"நீ என்ன பண்றே ஜெரோம்?"

"கே.கே. நகர்ல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல மாஸ்டர் சார். இப்போ இந்த ரெண்டாயிரம் வருசப் பிரச்சினை ஓடுதுல்ல, செம கூட்டம். என்கிட்ட ஆறு மாசம் படிச்சவன் எல்லாம் அமெரிக்கா போய்ட்டான். போன வாரம்கூட ஒருத்தன் ஏர்போர்ட்லேருந்து போன் பண்றான், 'மாஸ்டர், போய்ட்டு வரேன்'னு." சிரித்தான். "எனக்குத்தான் டிகிரி இல்லியே. டிகிரி இல்லாதவனுக்கு விசா குடுக்க மாட்டான் சார்."

"கடிதத்தைக் கல்லூரியில காட்டினியா?"

"அன்னிக்கே எடுத்துக்கினு போனேன். பிரின்சிபால் புதுசு. நல்ல ஆளு சார், உக்கார வச்சுப் பேசினாரு. பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தாரு. 'தம்பி, இது இருந்தா உன்னை அன்னிக்கே திரும்பச் சேர்த்திருப்பாங்க'ன்னாரு."

கம்பியில் இரைச்சல் இருந்தது.

"ஆனா ரூல் ஒண்ணு கீது சார். சேர்ந்த வருசத்துலேருந்து ஏழு வருசத்துக்குள்ள கோர்ஸை முடிக்கணும். அது போன வருசத்தோட முடிஞ்சிருச்சு. இப்போ ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாரு. முதல் வருசத்துலேருந்து வேணா சேர்ந்துக்கன்னாரு." மறுபடி சிரித்தான். "இருபத்தாறு வயசுல, என் ஸ்டூடண்டு பக்கத்துல போய் உக்காரணும் சார்."

நான் சொன்னது என்னவென்று சரியாக நினைவில்லை. மன்னிப்பு என்ற சொல் அதில் இருந்தது.

"அய்ய, விடுங்க சார். நீங்க இன்னா பண்ணுவீங்க. அவ்ளோ தூரத்துலேருந்து எழுதுனீங்களே."

இந்தப் பதில்தான் எனக்குத் தாங்கவில்லை. அவன் திட்டியிருந்தால் எனக்கு ஏதாவது சொல்ல இருந்திருக்கும்.

"இளஞ்செழியன்?"

"கவுன்சிலர் சார் இப்போ. ஜீப்ல போவான். என்னைப் பார்த்தா கண்ணாடியை ஏத்திக்குவான். பாவம்."

பிறகு டீச்சர் வாங்கினார். குரல் அப்படியே இருந்தது.

"சார், நல்லா இருக்கீங்களா? பிள்ளை நல்லா இருக்கா? கடிதம் சரியா எழுதியிருந்தீங்க. பாக்கெட்டைப் பத்தி எழுதியிருந்தீங்க. பட்டன் பட்டியை விட்டுட்டீங்க."

"ஆமாம் டீச்சர். விட்டுட்டேன்."

"பாக்கெட்டுகூடச் சில பேர் மாத்தித் தைப்பான். பட்டியை எவனும் மாத்த மாட்டான். அதுதான் சாட்சி. பரவால்ல, இனிமே எதுக்கு."

தொலைபேசி அட்டையில் இன்னும் இரண்டு நிமிடம்தான் இருக்கிறது என்று ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் சொன்னது. ஜெரோம் மறுபடி வாங்கினான்.

"சார், ஒண்ணு சொல்லவா? அந்த பேப்பரை அம்மா லேமினேட் பண்ணி வச்சுக்கீது. வீட்டுக்கு யாரு வந்தாலும், பொண்ணு வீட்டுக்காரங்க வந்தாக்கூட, அவங்களைக் கூட்டிக்கினு போயி பீரோ கண்ணாடி முன்னாடி நிக்க வச்சு, அதைக் காட்டும். கண்ணாடியில படம் சரியாப் பூடுதுல்ல சார்? 'பாருங்க, இவன்தான் எம் பிள்ளை, தடுக்கிறான் பாருங்க'ன்னும். வந்தவங்க ஆமாம் ஆமாம்னு தலையாட்டிட்டு, டீ குடிச்சிட்டுப் போய்ருவாங்க." ஏதோ சொல்ல வந்தான். தொடர்பு அறுந்தது.

9

மறுநாள் அலுவலகத்தில் ஒரு பெரியவர் தன் நாயின் பதிவுச் சீட்டைத் திருத்த வந்திருந்தார். வலது காது கறுப்பு என்றிருந்தது. இடது காதுதான் கறுப்பாம். "டெல் மீ" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு கணம் விழித்துவிட்டுப் பிறகு பொறுமையாகச் சொன்னார். புதுச் சீட்டு அச்சிட்டுக் கொடுத்தேன்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் கோப்பிலிருந்த வெட்டுத்துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். கண்ணாடிக்கு முன்னால் பிடித்தேன். டீச்சர் சொல்வது சரி. கண்ணாடிக்குள் ஜெரோம் இடதுபுறம் வந்துவிட்டான். பாக்கெட் இடது மார்பில் இருந்தது. இடது பட்டி மேலே வந்திருந்தது. ஆனால் கீழ்வரியின் எழுத்துகள் புரண்டு, ஒன்றையும் படிக்க முடியவில்லை. தாளைக் கீழே இறக்கி நேராகப் பார்த்தால் பெயர்களைப் படிக்க முடிகிறது. அப்போது கல் ஜெரோமின் கையில் இருக்கிறது. இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கிப் பார்த்தேன்.

நித்யா பல் துலக்கும் பிரஷ்ஷோடு வாசலில் நின்றிருந்தாள்.

"என்னப்பா அது?"

"பழைய பேப்பர். நான் வேலை பார்த்த பேப்பர். இதுல ரெண்டு பேர் பெயர் இடம் மாறிப் போச்சு."

அவள் எட்டிப் பார்த்தாள். நாளிதழ்த் தமிழ் அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். தாளில் "ஜெ" வரைக்கும் படித்தாள். பிறகு கண்ணாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இதுக்கு ஸ்டிக்கர் அனுப்பலையா?"

"இல்லை" என்றேன். யார் அனுப்பியிருக்க வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. என்னைச் சற்று நகரச் சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தாள்.